கடலோர மேடைக்கு எந்த மிக்சர்?

தூத்துக்குடிக் கடற்கரையில் ஒலிபெருக்கிகளுக்கு ஓய்வு குறைவு. ஜூலை 26-ஆம் நாள் கொடியேறி ஆகஸ்டு 5-ஆம் நாள் நிறைவுறும் பனிமய மாதா பேராலயத் திருவிழா, செப்டம்பர் 14-ஆம் நாளையொட்டி மணப்பாட்டில் நடைபெறும் திருச்சிலுவைத் திருவிழா, நவராத்திரியில் குலசேகரன்பட்டினத்துத் தசரா, ஊர்தோறும் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு, இவற்றுக்கிடையே பட்டிமன்றங்கள், பள்ளி ஆண்டு விழாக்கள் என்று ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மேடை இருந்துகொண்டே இருக்கும். இவற்றுள் பெரிய மேடைகள் சில. சிறிய மேடைகளே பல. அந்தச் சிறிய மேடைகளுக்கு ஒலி அமைப்பவர் அந்தந்த வட்டாரத்து மைக்செட்காரர். ஒரு சிறு வேன், நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகள், இரண்டு உதவியாளர்கள், ஒரு மிக்சர். இவையே அவருடைய முதலீடு.

மிக்சர் என்றதும் சிலருக்கு ஓமப்பொடியும் காராபூந்தியும் நினைவுக்கு வரலாம். இங்கே நாம் பேசப்போவது பல ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் ஒலிக்கலவைப் பலகையைப் பற்றி. அண்மைக் காலத்தில் இப்பலகை கணினியின் இனத்தைச் சேர்ந்ததாக மாறிவிட்டது. இதனை எண்முறை மிக்சர் அல்லது டிஜிட்டல் மிக்சர் என்கிறார்கள். பழைய பலகையை மாற்ற நினைக்கும் மைக்செட்காரரும், ஆலயத்துக்கோ பள்ளிக்கோ ஒன்று வாங்க நினைக்கும் குழுவினரும் கடைக்குச் சென்றால், "இது 16 வழி, அது 32 வழி" என்ற விளக்கத்தையே முதலில் கேட்கிறார்கள். ஆனால் வழிகளின் எண்ணிக்கை ஒன்றை மட்டும் கண்டு வாங்குவது, சுமை ஏற்றும் இடத்தை மட்டும் பார்த்துப் படகு வாங்குவதைப் போன்றது. அப்படகு அலையில் எப்படி நிற்கும், இயந்திரம் நின்றுபோனால் கரை சேர்வது எப்படி என்பவற்றையும் பார்க்க வேண்டுமல்லவா?

அவ்வாறு பார்ப்பதற்கு வேண்டிய அறிவியலை இங்கே காண்போம்.

பலகை செய்யும் வேலை

ஒலி காற்றில் பரவும் அழுத்த அலை. ஒலிவாங்கி, அதாவது மைக், அந்த அலையை அதே வடிவமுள்ள மின்னலையாக மாற்றுகிறது. இம்மின்னலை மிகவும் மெலிந்தது; சில ஆயிரத்தில் ஒரு பங்கு வோல்ட் அளவே இருக்கும். பலகையின் முதல் உறுப்பான முன்மிகைப்பி இதனைப் பல நூறு மடங்கு பெருக்குகிறது. பிறகு ஒவ்வொரு ஒலியின் தன்மையும் திருத்தப்பட்டு, அளவு கூட்டியோ குறைத்தோ, எல்லாம் ஒன்றாகக் கலக்கப்பட்டு, ஆம்ப்ளிஃபயருக்குச் செல்கின்றன. அங்கிருந்து ஒலிபெருக்கிக்குப் போய் மீண்டும் காற்றலையாகின்றன.

பழைய வகைப் பலகையில் இந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்சுற்று உண்டு. ஒரு திருகு ஒரு வேலையைச் செய்யும். வேலை கூடினால் திருகும் கூடும். எடையும் விலையும் கூடும். எண்முறைப் பலகையில், முன்மிகைப்பிக்கு அடுத்த கணமே மின்னலை எண்களாக மாற்றப்பட்டுவிடுகிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் கூட்டலும் பெருக்கலுமே. ஒரே கணிப்பான் ஆயிரம் திருகுகளின் வேலையைச் செய்துவிடும்.

சிறிய அரங்குகளும் வாங்கக்கூடிய விலையில் வந்த முதல் எண்முறைப் பலகைகளுள் ஒன்று, 1994-இல் யமஹா நிறுவனம் வெளியிட்ட புரோமிக்ஸ் 01. 2012-இல் பெரிங்கர் நிறுவனத்தின் எக்ஸ் 32 வந்த பிறகு, 32 ஒலிவாங்கிகளை ஏற்கும் பலகை சிறிய ஒலியமைப்பாளர்களின் கைக்கும் எட்டியது.

அலை எண்ணாவது எப்படி?

துறைமுகத்தில் நீர்மட்டத்தை அறிய, அளவுக்கோடுகள் பொறித்த கம்பம் ஒன்றை நீரில் நட்டிருப்பார்கள். நீங்கள் அதனருகே நின்று, அலை ஏறி இறங்குவதை அடிக்கடி பார்த்து நோட்டில் எண்களாகக் குறித்துவருகிறீர்கள் என்று கொள்வோம். போதிய வேகத்தில் குறித்தால், அந்த எண்களை மட்டும் வைத்தே அலையின் வடிவத்தை மறுபடியும் வரைந்துவிடலாம். ஆனால் அலைக்கு ஒரு முறை மட்டும், அதுவும் ஒவ்வொரு முறையும் அலை உச்சியில் இருக்கும்போது மட்டும் குறித்தால் என்ன ஆகும்? நோட்டில் எல்லாம் ஒரே எண்ணாக இருக்கும். கடல் அசையாமல் நிற்கிறது என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள்.

எனவே ஓர் அலையை எண்களால் குறிக்க, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேலான வேகத்தில் அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இலும் கிளாட் ஷானன் 1949-இலும் வெளியிட்ட ஆய்வுகள் இதற்கு அடிப்படையாயின. மனிதச் செவி கேட்கும் மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஆகவே எண்முறைப் பலகைகள் பெரும்பாலும் விநாடிக்கு 48,000 முறை அளக்கின்றன. சில பலகைகள் 96,000 முறை அளக்கின்றன. கோயில் திடலில் நடக்கும் நிகழ்ச்சியில் இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்போர் உணர்வது அரிது. அதற்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

ஒவ்வோர் அளவும் எவ்வளவு நுட்பமாகக் குறிக்கப்படுகிறது என்பதை 'பிட்' என்ற அலகால் சொல்வர். 24 பிட் என்றால் கம்பத்தில் 1,67,77,216 கோடுகள் இருக்கின்றன என்று பொருள். ஒவ்வொரு பிட்டும் ஏறத்தாழ 6 டெசிபல் இடைவெளி தருவதால், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 144 டெசிபல் வரை இடம் கிடைக்கிறது. இது கணக்கு, நடைமுறையில் மின்சுற்றின் இரைச்சலால் இது குறையும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கம்பத்தின் உச்சிக்கு மேல் அலை எழும்பினால் குறிக்கக் கோடு இல்லை. அலையின் தலை வெட்டுப்பட்டு, ஒலி கரகரவென்று உடைந்து கேட்கும். இந்த உச்சியைத்தான் பலகையின் ஒளிக்காட்டியில் 0 என்று குறித்திருப்பார்கள். பாடகர் இயல்பாகப் பாடும்போது −18 அளவிலும், உரக்கப் பாடும்போதும் −6-ஐத் தாண்டாமலும் முன்மிகைப்பியை அமைப்பது நல்ல பழக்கம். முன்மிகைப்பியில் உடைந்த ஒலியை அதன்பின் வரும் எந்தக் கணிப்பாலும் ஒட்டவைக்க முடியாது.

எண்களாக மாற்றி மீட்பதற்குச் சிறிது காலம் பிடிக்கும். சிறிய பலகைகளில் இது ஓரிரு மில்லிவிநாடி. 30 பாகை வெப்பமுள்ள காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்வதால், 1 மில்லிவிநாடியில் 35 சென்டிமீட்டர் கடக்கும். ஆகவே 2 மில்லிவிநாடித் தாமதம் என்பது, ஒலிபெருக்கியிலிருந்து 70 சென்டிமீட்டர் பின்னால் தள்ளி நிற்பதற்குச் சமம். இதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

முத்துச் சல்லடையும் ஒலிச் சல்லடையும்

முத்துக்குளித்துறை வணிகர்கள் முத்துகளைப் பருமன் வாரியாகப் பிரிக்க, துளையிட்ட பித்தளைத் தட்டுகளை அடுக்கடுக்காகப் பயன்படுத்தினார்கள். தட்டுக்குத் தட்டு துளையின் அளவு மாறும். தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால் அந்தத் தட்டுகளின் தத்துவம் ஒலிக்கலவைப் பலகையில் வாழ்கிறது. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்து, வேண்டியதை உயர்த்தி வேண்டாததைத் தாழ்த்தும் சமனாக்கி என்னும் பகுதியே அது.

விலை மலிந்த பழைய பலகையில் ஒவ்வொரு வழிக்கும் தாழ்ந்த, நடு, உயர்ந்த அதிர்வெண்களுக்கு மூன்று திருகுகள் இருக்கும். எந்த அதிர்வெண்ணில் வேலை செய்ய வேண்டும் என்பதைத் தொழிற்சாலையே தீர்மானித்துவிட்டது. எண்முறைப் பலகையில் துளையின் அளவையே நாம் மாற்றலாம். எந்த அதிர்வெண், எவ்வளவு அகலம், எவ்வளவு உயர்வு என்று மூன்றையும் தனித்தனியே அமைக்கலாம்.

இதன் பயனை இரண்டு இடங்களில் காணலாம். முதலாவது, ஒலிபெருக்கி ஊளையிடுதல். மைக்கில் நுழைந்த ஒலி பெருகி, ஒலிபெருக்கி வழியே வெளிவந்து, மீண்டும் அதே மைக்கில் நுழைகிறது. ஒரு சுற்று முடிந்து திரும்பும்போது அது முன்னைவிட மெலிந்திருந்தால் அடங்கிவிடும். வலுத்திருந்தால் சுற்றுக்குச் சுற்று வளர்ந்து ஊளையாகும். இது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே நேரத்தில் நிகழ்வதில்லை. ஏதோ ஒன்றில், எடுத்துக்காட்டாக 2,500 ஹெர்ட்ஸில், முதலில் தொடங்கும். அந்த இடத்தில் மட்டும் குறுகலாகத் தாழ்த்தினால் ஊளை நிற்கும். குரலின் தெளிவு கெடாது.

இரண்டாவது, காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று மைக்கின் வலையில் மோதி 'தடதட'வென்ற தாழ்ந்த ஒலியை எழுப்பும். பேச்சுக்கும் பாட்டுக்குமான வழிகளில் 100 முதல் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிட்டால் அந்த ஒலி பெரும்பாலும் மறையும். மைக்குக்கு ஒரு பஞ்சு உறையும் போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

எண்முறைப் பலகையின் இன்னொரு பரிசு கம்ப்ரசர் என்னும் அமுக்கி. வில்லுப்பாட்டில் கதை சொல்லும் தலைவர் ஒரு நொடி கிசுகிசுப்பார். மறுநொடி போர்க்களத்து முழக்கம் செய்வார். 3-க்கு 1 என்று அமைத்த அமுக்கி, குறித்த எல்லைக்கு மேல் 12 டெசிபல் எழும் ஒலியை 4 டெசிபலாகக் குறைக்கும். ஆனால் அமுக்கிய பிறகு மொத்த அளவை உயர்த்தினால், மெல்லிய ஒலிகளும் சேர்ந்து உயரும். ஊளைக்கு வழி திறக்கும். மருந்தானாலும் அளவோடுதான்.

உள்ளே வருபவற்றை எண்ணுங்கள்

கடைக்குப் போகும் முன், தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு, ஓராண்டில் நீங்கள் அடிக்கடி செய்யும் நிகழ்ச்சிகளை எழுதுங்கள். வில்லுப்பாட்டுக்குத் தலைவருக்கு ஒன்று, பின்பாட்டுக்கு இரண்டு, உடுக்கைக்கு ஒன்று, குடத்துக்கு ஒன்று, கட்டைக்கும் ஜால்ராவுக்கும் சேர்த்து ஒன்று, ஆர்மோனியம் இருந்தால் ஒன்று. ஆக 7 மைக் போதும். இந்த நிகழ்ச்சி ஒன்றையே நம்பியிருப்பவருக்கு நல்ல பழைய வகைப் பலகையே பல்லாண்டு உழைக்கும். எண்முறைப் பலகை கட்டாயமில்லை.

ஆலயப் பாடற்குழுவைப் பார்ப்போம். பாடகர் 4, தபேலாவுக்கு 2, கீபோர்டுக்கு 2, கித்தாருக்கு 1, வயலினுக்கு 1, ஆக 10. குருவுக்கும் வாசகருக்கும் 2, மொத்தம் 12. கைபேசியிலிருந்து இசை ஒலிக்க 2, மொத்தம் 14. கடைசி நேரத்தில் வந்து சேர்பவர்களுக்காகக் கால் பங்கு கூட்டினால் ஏறத்தாழ 18. இந்த அளவுக்கு 2014-இல் அறிவிக்கப்பட்ட பெரிங்கர் எக்ஸ்ஆர் 18 போன்ற, 16 மைக் வழிகளும் 2 இசைக்கருவி வழிகளும் கொண்ட பெட்டிகள் பொருந்தும்.

பட்டிமன்றத்துக்கு நடுவரோடு சேர்த்து 7 அல்லது 8 மைக்குகள். இங்கே சிக்கல் வேறு. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஊளையின்றிப் பெருக்கக்கூடிய அளவு 3 டெசிபல் குறைகிறது. ஒன்றுக்குப் பதில் எட்டு திறந்திருந்தால் 9 டெசிபல் இழப்பு. பேசுபவரின் மைக்கை மட்டும் தானாக உயர்த்தி மற்றவற்றைத் தாழ்த்தும் தானியங்கிக் கலவை சில எண்முறைப் பலகைகளில் உண்டு. பேச்சு நிகழ்ச்சிகள் மிகுதியாகச் செய்பவர் இதனைத் தேடி வாங்கலாம்.

வெளியே போகும் வழிகளை மறவாதீர்கள்

உள்ளே வரும் வழிகளை எண்ணுவோர் பலர்; வெளியே போகும் வழிகளை எண்ணுவோர் சிலர். ஆனால் சிறிய பலகைகளில் முதலில் தீர்ந்துபோவது வெளிவழிகளே.

மேடையில் பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்க, அவரை நோக்கி ஒரு பெட்டி வைப்பார்கள். அதற்கு மானிட்டர் என்று பெயர். பாடகருக்குக் குரல் மிகுதியாக வேண்டும். தபேலாக்காரருக்கு கீபோர்டு மிகுதியாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் வேறு கலவை வேண்டுமென்றால், ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை வெளியீடு வேண்டும். தொழிலில் இதனை ஆக்ஸ் என்பார்கள். மேற்சொன்ன பாடற்குழுவுக்கு மானிட்டர் 3, தாழ்ந்த ஒலிக்கான பெரிய பெட்டிக்கு 1, தொலைவிலுள்ள ஒலிபெருக்கிக்கு 1, நிகழ்ச்சியை இணையத்தில் நேரலையாக அனுப்ப 2. ஆக 7. சிறிய பலகைகளில் 4 அல்லது 6 தான் இருக்கும். யூஎஸ்பி வடம் வழியே ஒலியைக் கணினிக்கு அனுப்பும் வசதி இருந்தால் நேரலைக்கான இரண்டும் மிச்சமாகும்.

தொலைவிலுள்ள ஒலிபெருக்கி என்றேனே, அதில் ஓர் அழகான அறிவியல் இருக்கிறது. கடலோர ஊர்களில் கூட்டம் தெரு நெடுக நீண்டு நிற்கும். மேடைக்கு 35 மீட்டர் தள்ளி இரண்டாவது பெட்டி வைக்கிறோம். மின்சாரம் கம்பியில் கணநேரத்தில் போய்விடும். காற்றுவழி வரும் ஒலியோ பத்தில் ஒரு விநாடி கழித்து வரும். அங்கே நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரு முறை கேட்கும், எதுவும் விளங்காது. இரண்டாவது பெட்டிக்குப் போகும் ஒலியை 100 மில்லிவிநாடி தாமதப்படுத்தினால் இரண்டும் ஒன்றாகச் சேரும். மேலும் 10 அல்லது 15 மில்லிவிநாடி கூட்டினால், பெட்டி அருகில் இருந்தாலும் ஒலி மேடையிலிருந்தே வருவது போன்ற உணர்வு உண்டாகும். முதலில் வரும் ஒலியின் திசையையே செவி நம்பும் இந்த இயல்பை 1949-இல் ஹெல்முட் ஹாஸ் தம் ஆய்வில் விளக்கினார். வெளிவழியில் தாமதம் அமைக்கும் வசதி எல்லாச் சிறிய பலகைகளிலும் இல்லை. நீண்ட தெருக்களில் பணிபுரிபவர் இதனைக் கேட்டறிந்தே வாங்க வேண்டும்.

தள்ளுவிசையா, தொடுதிரையா?

எண்முறைப் பலகைகளை இரண்டு இனமாகப் பிரிக்கலாம். ஒன்று, ஃபேடர் எனப்படும் தள்ளுவிசைகள் வரிசையாக உள்ள பலகை. யமஹா டிஎஃப், ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ வரிசைகள் இந்த இனம். மற்றொன்று, மேடையிலேயே கிடக்கும் விசையற்ற பெட்டி. அதனைக் கம்பியில்லாத் தொடர்பில் டேப்லெட் வழியே இயக்குவர். முன்பு சொன்ன எக்ஸ்ஆர் 18, சவுண்ட்கிராஃப்ட் யூஐ 16 ஆகியவை இந்த இனம்.

பெட்டி வகைக்கு விலை குறைவு, எடை குறைவு. மேடையிலிருந்து கூட்டத்தின் பின்புறம் வரை தடித்த மல்டிகோர் கேபிளை இழுக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குள் நடந்து சென்று, கடைசி வரிசையில் நின்று கேட்டுத் திருத்தலாம். ஆனால் கண்ணாடித் திரையில் விரலுக்குப் பிடிமானம் இல்லை. இரண்டு மைக்குகள் ஒரே நேரத்தில் ஊளையிட்டால், இரு கைகளாலும் இரண்டு விசைகளைத் தாழ்த்தும் வேகம் திரையில் வராது. பகல் வெயிலில் திரையும் தெரியாது.

வைஃபை தொடர்பு 2.4 கிகாஹெர்ட்ஸ் அல்லது 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளால் நடக்கிறது. மாலை ஐந்து மணிக்குக் காலித் திடலில் சோதிக்கும்போது நன்றாக வேலை செய்யும். எட்டு மணிக்குக் கூட்டம் நிறைந்ததும் தொடர்பு தடுமாறும். மனித உடலில் பெரும்பகுதி நீர். அது இவ்வலைகளை உறிஞ்சும். அத்துடன் நூற்றுக்கணக்கான கைபேசிகளும் அதே அலைவரிசையில் போட்டியிடும். பெட்டிக்குள்ளேயே அமைந்த சிறு வைஃபையை நம்பாமல், தனி ரவுட்டர் ஒன்றைத் தலைகளுக்கு மேலாக உயரத்தில் கட்டுவது அறிவுடைமை. கம்பி வழியே இணைக்க ஒரு மடிக்கணினியும் ஆயத்தமாக இருக்கட்டும்.

மின்சாரமும் உப்பும்

மின்சாரம் நின்று ஜெனரேட்டருக்கு மாறும் அந்த இரண்டு நொடி, பழைய பலகைக்கு ஒரு பொருட்டல்ல. மின்சாரம் வந்ததும் பாடத் தொடங்கிவிடும். எண்முறைப் பலகை கணினி ஆகையால், மறுபடியும் முதலிலிருந்து விழித்தெழ வேண்டும். அதற்கு எத்தனை நொடி ஆகிறது என்பதைக் கடையிலேயே கடிகாரம் வைத்துப் பாருங்கள். திருமண மேடையில் தாலி கட்டும் நேரத்திலோ, தேர் நிலைக்கு வரும் நேரத்திலோ அந்த அமைதி மிக நீளமாகத் தோன்றும். சிறிய பலகைகள் பெரும்பாலும் 120 வாட்டுக்குள்ளேயே மின்சாரம் எடுப்பதால், கணினிக்கு வைக்கும் சிறிய யூபிஎஸ் ஒன்று அவற்றையும் ரவுட்டரையும் சில நிமிடங்கள் தாங்கிவிடும். ஆம்ப்ளிஃபயர்களை அதில் மாட்டக்கூடாது.

இனி உப்பு. உப்பளங்களுக்குப் பேர்பெற்ற இக்கரையில், காற்றோடு நுண்ணிய உப்புத் துகள்கள் வந்து எல்லாப் பொருள்மீதும் படிகின்றன. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால், சோடியம் குளோரைடு நீராவியை ஈர்த்துத் தானே கரைந்து உப்புநீராகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு இதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலேயே கரையும். மாணவர்கள் ஒரு தட்டில் சிறிது கல்லுப்பை வைத்து, கடலோர வீட்டு மாடியில் ஓரிரவு விட்டுப் பார்க்கலாம். காலையில் தட்டு கசிந்திருக்கும். இதே கசிவு பலகையின் உள்ளே நிகழ்ந்தால்? உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்; நுண்ணிய செம்புப் பாதைகளை அரிக்கும்; இணைப்பு முனைகளில் பச்சை பூக்கும்.

ஆகவே கடற்கரையில் விசைகள் குறைந்த, திறப்புகள் குறைந்த பெட்டிக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மோட்டார் பொருத்திய தள்ளுவிசைகளின் பிளவுகள் வழியே உப்பும் மணலும் எளிதில் நுழையும். எந்த வகையானாலும், பயன்படுத்தாத நேரத்தில் துணி மூடி, மூடிய பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், நிகழ்ச்சி முடிந்ததும் உலர்ந்த மென்தூரிகையால் துடைத்தல் ஆகிய மூன்றும் பலகையின் ஆயுளைக் கூட்டும். குளிரூட்டிய காரிலிருந்து இறக்கிய உடனே இயக்கவும் கூடாது. குளிர்ந்த உலோகத்தின்மேல் ஈரக்காற்று பனித்துளியாகப் படியும். அது உலரும்வரை காத்திருக்க வேண்டும்.

செவிக்கும் எல்லை உண்டு

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி இயக்கக்கூடாது. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல், பண்டிகைகளுக்காக நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகல் நேர அளவு 55 டெசிபல். சட்டம் ஒருபுறம் இருக்க, செவியின் கணக்கு ஒன்று உண்டு. 85 டெசிபலை 8 மணி நேரம் வரை தாங்கலாம் என்று கொண்டால், 3 டெசிபல் கூடும்தோறும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடமே பாதுகாப்பானது. பெட்டியருகே விளையாடும் குழந்தைகளையும், இரவுதோறும் அங்கேயே நிற்கும் உதவியாளரையும் எண்ணிப் பாருங்கள். எண்முறைப் பலகையின் லிமிட்டர் என்னும் பகுதி, குறித்த எல்லைக்கு மேல் ஒலி எழாமல் தடுக்கும். ஒரு முறை அமைத்துக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டால், "இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள்" என்று கேட்பவருக்குப் பலகையே விடை சொல்லிவிடும்.

கடையில் கேட்க வேண்டியவை

வாங்கும் முன் கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை பெறுங்கள்.

1. என் பெரிய நிகழ்ச்சிக்குத் தேவையான மைக் வழிகளும், அதற்கு மேல் கால் பங்கும் இதில் உண்டா?

2. துணை வெளியீடுகள் எத்தனை? அவற்றில் தாமதம் அமைக்க முடியுமா?

3. வில்லுப்பாட்டுக்கு ஒன்று, பாடற்குழுவுக்கு ஒன்று என்று அமைப்புகளை நினைவில் சேமித்து மீட்க முடியுமா? எண்முறைப் பலகையின் மிகப் பெரிய நேரச் சேமிப்பு இதுவே.

4. மின்சாரம் போய் வந்தால் எத்தனை நொடியில் எழுகிறது? எழும்போது பழைய அமைப்போடு எழுகிறதா?

5. கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட்டை ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே தர முடியுமா?

6. பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும்? திரும்பிவர எத்தனை நாள் ஆகும்?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. பழைய பலகையில் ஒரு வழி கெட்டால் மற்றவை பாடும்; உள்ளூர்க் கடையிலேயே பற்றவைத்துச் சரிசெய்யலாம். எண்முறைப் பலகையில் கணிப்பான் நின்றால் எல்லாமே நிற்கும். எனவே புதியது வாங்கியவர் பழையதை விற்றுவிட வேண்டாம். ஆறு வழிகள் உள்ள சிறிய பழைய பலகை ஒன்று, இரண்டு மைக்கோடும் வேண்டிய வடங்களோடும் வேனின் மூலையில் எப்போதும் இருக்கட்டும். இயந்திரப் படகில் போகும் மீனவரும் துடுப்பைக் கரையில் விட்டுச் செல்வதில்லை.

இத்தனையும் பார்த்து வாங்கிய பலகையை, முதல் நிகழ்ச்சிக்கு முன் வீட்டிலேயே இரண்டு வாரம் வைத்துப் பழகுங்கள். மைக்குகளை ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே வைக்கும் பிழையை எந்தக் கணிப்பானும் திருத்தாது. கூட்டத்தின் கடைசியில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விளங்கினால், எண்ணிப் பார்த்துச் செலவிட்ட பணம் வீண்போகவில்லை என்று கொள்ளலாம்.